‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்று சொல்லாதீர்கள்

வணக்கம். இன்று கொஞ்சம் கோபமாகத்தான் பேசப்போகிறேன். அம்மாவை இழந்த என் தோழிக்கு யாரோ ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று துக்கத்துக்கு ஐந்து படிகளாம். அதைப் பார்த்துவிட்டு, “எனக்குக் கோபமே வரவில்லையே, என்னிடம் ஏதாவது கோளாறா?” என்று கேட்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1969-இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் அந்த ஐந்தையும் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்துத்தான். உறவைப் பறிகொடுத்தவர்கள் வரிசையாகப் படித்துத் தேற அது பாடத்திட்டம் அல்ல.

எனக்குப் பிடித்தது ஸ்ட்ரோப், ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் சொன்னது. இழப்பின் பக்கம் கொஞ்ச நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் கொஞ்ச நேரம் என்று மனம் போய்வந்துகொண்டே இருக்குமாம். காலையில் அழுதவள் மாலையில் சிரித்தால் அம்மாவை மறந்துவிட்டாள் என்று பேசுகிறவர்களை எனக்குக் கண்ணிலேயே காட்டக் கூடாது.

சரி, அம்மாவின் வங்கிக் கணக்கை முடிக்க இந்தத் தோழியோடு நான் அலைந்த கதைக்கு வருகிறேன். இறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் ‘ன’, இதில் ‘ண’. அந்த ஓர் எழுத்துக்காக வங்கியில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! தாள்கள் இருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். நான் நோட்டும் பேனாவுமாக அலைகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தெந்தத் தாளில் எந்த எழுத்து என்று உட்கார்ந்து குறித்தேன். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் தயார்செய்து, மறுபடி வரிசையில் நின்று கொடுத்தேன். முத்திரை விழுந்தது! அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இடையில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த ஃபைலை அவளிடமிருந்து நானாகப் பிடுங்கவில்லை. “வியாழன் காலை வருகிறேன், படிவங்களை நான் நிரப்புகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு, சரியா?” என்று கேட்டேன். அவள் தலையாட்டினாள். ‘ஏதாவது வேண்டுமென்றால் சொல்’ என்றால், என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழும். எந்த நாள், என்ன வேலை என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-இல் மனநோய்களைக் கண்டறிவதற்கான தன் கையேட்டில் நீடித்த துக்கக் கோளாறை, அதாவது நாளாகியும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தை, சேர்த்தது. பெரியவர்களுக்கு இழப்புக்குப் பின் குறைந்தது 12 மாதம் கடந்திருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆனால் வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள்.

இன்னொன்று, இறந்தவரின் கைபேசி எண்ணை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். கணக்குகளை முடிப்பதற்கான ஓடிபி பெரும்பாலும் அதற்குத்தான் வரும். குரல் பதிவுகளையும் முதலில் வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். அந்த வேலைக்குத்தான் இப்போது அவள் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.