பந்தி முடிந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம். குடியிலிருந்து மீண்டு வருகிறவர்களுடன் காரைக்குடி வட்டாரத்தில் வேலை செய்து வருகிறேன். மூச்சிலும் உடம்பிலும் மனதிலும் அந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கப் பழகும் முழுக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) அவர்களுக்கு வேலையிடத்தில் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதைப் பேச அழைத்திருக்கிறார்கள்.

முகூர்த்த நாளில் சமையல் மாஸ்டர் விடியும் முன்பே பின்கட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், பிறகு மதியச் சாப்பாடு. பந்தி ஓடும்வரை குடி நினைவு அவரை அண்டாது. கடைசி இலையை எடுத்து, அண்டாக்களைக் கழுவப் போட்டுவிட்டு அக்கடா என்று உட்கார்ந்ததும்தான் அது வரும். அனலில் வெந்த உடம்பு, கடுக்கும் முழங்கால், மடியில் அன்றைய கூலி. போதாததற்கு, "வாங்கண்ணே, உடம்பு வலிக்குக் கொஞ்சம்தானே" என்று கூப்பிட ஓர் ஆள். அடுத்த அரை மணி நேரத்தை அவர் எப்படிக் கடக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், குடிக்கத் தூண்டும் வேட்கையை அலையாகப் பார்க்கச் சொன்னார். எழும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும்; அதோடு மல்லுக்கட்டாமல் அதன் மேலேயே மிதந்து போக வேண்டும். அலையைப் பார்க்கத் தொண்டிக்கு பஸ் ஏற வேண்டிய நமக்கு இது கொஞ்சம் தூரத்து உவமைதான். செய்முறை எளிது. உட்கார்ந்த இடத்தில் உள்ளங்கால்களைத் தரையில் நன்றாகப் பதியுங்கள். கண்ணை மூட வேண்டிய கட்டாயமில்லை. வேட்கை உடம்பில் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள்: நாக்கு வறட்சியா, நெஞ்சு இறுக்கமா, கை பரபரக்கிறதா? "இதோ, நெஞ்சில் இறுகுகிறது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, மூச்சு வந்து போவதைக் கவனியுங்கள். மனம் மதுக்கடைப் பக்கம் ஓடும். ஓடட்டும், திட்டாமல் மூச்சுக்குத் திருப்புங்கள். பெரும்பாலும் அரை மணிக்குள் வேகம் தணிந்துவிடும். அமைதியாக இருக்கும் காலை வேளைகளில் பழகியிருந்தால்தான் மாலையில் இது கூப்பிட்ட குரலுக்கு வரும்.

2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, போதைப் பழக்கத்துக்கு முதற்கட்டச் சிகிச்சை முடித்த 286 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தது. ஓராண்டு கழித்து, இந்த முழுக்கவனப் பயிற்சி பெற்றவர்கள் மற்ற இரு பிரிவினரைவிடக் குறைவான நாட்களே போதையை நாடியிருந்தார்கள். அளவு மீறிக் குடிப்பதும் அவர்களிடம் குறைந்திருந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன். மந்திரம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகத் தினமும் அதிகம் குடிப்பவர், தியானத்தை நம்பி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கைநடுக்கத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் வலிப்பும், இல்லாத உருவம் தெரிவதும், மனக்குழப்பமும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், மருந்து. மூச்சைக் கவனிப்பதெல்லாம் பிறகு.

முதலாளிமாருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆத்தங்குடிப் பூக்கல் (தரைக்குப் பதிக்கும் வண்ண ஓடு) பட்டறையில் கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றுகிறவருக்குக் கவனத்தைப் பற்றி நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கக் குனிந்த முதுகுக்கு நடுவே ஓய்வும் மோரும் கொடுத்தாலே "உடம்பு வலிக்குக் குடிக்கிறேன்" என்ற பேச்சு பாதி அடங்கும். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கையோடு கூடுதலாக இரண்டு மணி நேரம் வேலை வாங்குவது மோசடி. சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு மொத்தக் கூலியையும் ரொக்கமாகக் கையில் திணிக்காமல், அவர் சம்மதித்தால் வங்கிக் கணக்கில் போடலாம். வீட்டுக்காரம்மாவை வரச்சொல்லிக் கொடுப்பதையும் அவரைக் கேட்டே செய்யுங்கள். கேட்காமல் செய்தால் அது அவமானம். குடியை விட்டு வேலைக்குத் திரும்பி வந்தவரை "என்ன, சாமியாராகிவிட்டாயா?" என்று சீண்டும் வாயையும் மேஸ்திரிதான் அடக்க வேண்டும்.

மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால்? மறுநாள் வேலைக்கு வரச்சொல்லுங்கள், போதை தெளிந்த பிறகு. அடுப்படிக்கும் இயந்திரத்துக்கும் அன்று அனுப்ப வேண்டாம். எந்த நேரத்தில், யார் கூப்பிட்டு, எதை நினைத்துப் போனார் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள். குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டிலிருப்பவர்களும் அழைக்கலாம்.