தனி வளை: பாடும் பறவைகளின் எல்லையும் நம் கிளுவை வேலியும்

(காங்கயம் வட்டாரத்துக் கிராம நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், பங்குனி மாதத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, அறுவடை வேலைகளுக்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, நாற்பது ஆண்டுகளாக இந்த நூலகத்துக்கு நாளிதழ் வாங்கிக் கொடுத்துவரும் நம் மளிகைக்கடைப் பெரியவர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பெரியவரைத் தனியாகக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சிறுவனாக இருந்தபோது பறவைகளைப் பற்றி நான் முதன்முதலில் படித்த கட்டுரை, அவர் வாங்கிப் போட்ட நாளிதழ் ஒன்றின் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில்தான் வந்திருந்தது. அந்தக் கடனை இந்த மேடையில் சொல்லாமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பாடும் பறவைக்கு எல்லை எதற்கு என்பது ஒன்று. அந்த எல்லையை அது எப்படிக் காக்கிறது என்பது இரண்டு. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் பழுப்புக் கீச்சான், கூடு கட்டாத நம் ஊரிலும் ஏன் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது மூன்று.

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பார்கள் நம் பெரியவர்கள். பறவைகளின் எல்லையைப் பற்றி நான் படித்த நூல்கள் எல்லாவற்றையும் சுருக்கினால் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். பறவை காதலால் பாடுகிறது, மகிழ்ச்சியால் பாடுகிறது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பாட்டில் துணையை அழைக்கும் பங்கு இருப்பது உண்மைதான். ஆனால் அதே பாட்டு மற்ற ஆண் பறவைகளுக்கு ‘இது என் இடம், உள்ளே வராதே’ என்று விடுக்கும் அறிவிப்பும் ஆகும் என்பதை, எலியட் ஹோவர்டு என்ற ஆங்கிலேயர் 1920-இல் வெளியிட்ட நூல்தான் பரவலாக எடுத்துக் காட்டியது. இன்ன இடம் என்னுடையது என்று நிலைநாட்டிக்கொண்ட ஆணுக்கே துணை கிடைக்கிறது, கூடு அமைகிறது, குஞ்சுகளுக்குப் புழுவும் பூச்சியும் கிடைக்கின்றன.

இதை நான் நூலில் படிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையை நீங்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். தாராபுரம் சாலையில் இருந்தது எங்கள் மாமன் தோட்டம். மாமன் அப்போதுதான் புதிதாக ஒரு மொபெட் வாங்கி, அதைத் தோட்டத்து வீடான சாளைக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் நிறுத்தி வைப்பார். ஒரு பங்குனி மாதம், விடிந்ததும் விடியாததுமாக ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், ஒரு குண்டுக்கரிச்சான் வண்டியின் கைப்பிடியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தது. குண்டுக்கரிச்சான் என்றதும் இரட்டைவால் குருவியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது உடல் கறுத்து, வயிறு வெளுத்து, இறக்கையில் வெள்ளைப் பட்டை போட்ட பறவை. அலகை வானத்துக்குத் தூக்கும், வாலை விசிறி போல விரிக்கும், நெஞ்சைப் புடைத்துக்கொண்டு கைப்பிடியில் இங்கும் அங்கும் நடக்கும், பிறகு மறுபடியும் கண்ணாடியில் பாயும். கண்ணாடி முழுக்க எச்சமும் அலகின் கீறலுமாக ஆகிவிட்டது. வண்டி வாங்கிய வேளை சரியில்லை, இது ஏதோ கெட்ட சகுனம் என்று அத்தை கலங்கிப் போனார். மாமன் தன் துண்டால் வலப்பக்கக் கண்ணாடியை மூடிக் கட்டினார். அது இடப்பக்கம் போனது. அதையும் மூடினார். அது கிணற்று மேட்டில் இருந்த எவர்சில்வர் குடத்துக்குப் போனது! ஒன்பது நாள் இப்படியே நடந்தது. கடைசியில் நான் அம்மிச்சியிடம் கேட்டேன், “ஏனுங் அம்மிச்சி, அதுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுங்களா?” அம்மிச்சி முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “இல்ல கண்ணு. உள்ள இன்னொருத்தன் நிக்கறான்னு நெனைக்குது. பங்காளி பொழியத் தாண்டி வந்தா உங்க அப்பாரு சும்மா இருந்தாங்களா?”

எங்கள் அப்பாருக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒரு முழ அகலப் பொழிக்காக, அதாவது நில எல்லை வரப்புக்காக, பதினோரு ஆண்டுகள் வழக்கு நடந்த செய்தி ஊருக்கே தெரியும். அன்றைக்குச் சாளையில் எழுந்த சிரிப்பில் அத்தையின் கலக்கமும் தீர்ந்தது. அந்த வேப்ப மரத்துப் பொந்தில் அந்தப் பறவையின் பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். எலி வளையானாலும் தனி வளை!

என் அம்மிச்சி சொன்னதையே டேவிட் லேக் என்ற பள்ளி ஆசிரியர் இங்கிலாந்தில் சோதித்துப் பார்த்திருந்தார் என்பது பின்னாளில் எனக்குத் தெரிய வந்தது. 1930-களில் அவர் ராபின் பறவைகளின் காலில் வண்ண வளையங்களை மாட்டி, ஒவ்வொன்றும் எந்த இடத்தைக் காக்கிறது என்று குறித்து வைத்தார். பாடம் செய்த ராபின் ஒன்றை எல்லைக்குள் வைத்தால் உரிமையாளர் பாய்ந்து தாக்கியது. தலையும் உடலும் இல்லாத, வெறும் செந்நிற நெஞ்சிறகுக் கற்றையைக்கூட அது மிரட்டியது. ஒரு பள்ளி ஆசிரியர், பாட வேளை போக மீதி நேரத்தில் செய்த வேலை அது. முன்வரிசையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் குஞ்சுக்கு இரை தேட நேரம் ஏது? அதனால்தான் பாட்டு. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் பறவைக்குக் குரலுறுப்பு இருக்கிறது, அதைக் கொண்டு அது நெடுந்தூரத்துக்கு வேலி போட்டுவிடுகிறது. 1970-களில் ஜான் கிரெப்ஸ் என்ற ஆய்வாளர், ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த ஒரு காட்டில் பட்டாணிக் குருவியின் உறவுப் பறவைகளை அவற்றின் இடங்களிலிருந்து பிடித்து அகற்றினார். சில இடங்களில் ஒலிபெருக்கி வைத்து அவற்றின் பாட்டை ஒலிக்கச் செய்தார், மற்ற இடங்களை அப்படியே விட்டுவிட்டார். பாட்டு ஒலிக்காத இடங்களைப் புதிய பறவைகள் விரைவிலேயே பிடித்துக்கொண்டன, பாட்டு ஒலித்த இடங்களுக்குள் நுழையத் தயங்கின. அண்டை எல்லைக்காரனின் குரலையும் அயலான் குரலையும் பறவைகள் பிரித்தறியும் என்பதைக் கனடாவில் புரூஸ் ஃபால்ஸ் முதலானோர் காட்டினார்கள். வழக்கமான பக்கத்திலிருந்து அண்டைக்காரன் பாடினால் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அதே குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தால் சீறிக்கொண்டு வரும். பொழி எது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்ட பிறகு பங்காளிகளுக்குள் வருகிற அமைதி அது.

கிரெப்ஸின் சோதனையில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. காலியான இடத்துக்குப் புதிய பறவைகள் அவ்வளவு சீக்கிரம் வந்தன என்றால், நல்ல இடம் இல்லாமல் அதுவரை எங்கோ காத்திருந்தவை அவை என்று பொருள். நான் இந்த மேடைக்கு வந்ததே இதைச் சொல்வதற்காகத்தான். ‘வேலியை எடுத்தால் என்ன, குருவி வேறு இடம் பார்த்துக்கொள்ளும்’ என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்கிறோம். வேறு இடம் என்பது ஏற்கெனவே வேறொரு குருவியின் இடம்.

நம் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைச் சுற்றியிருக்கும் கிளுவை என்ற முள்செடியின் உயிர்வேலியை நினைத்துப் பாருங்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும், மேய்ந்து நிற்கும் காங்கயம் மாடும். வேலியில் பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி. இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி போகும் அகலத்தில் இட்டேரி. கருஞ்சிட்டு நின்று பாட உயரமான கொம்பும், தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டப் புதரும், பாம்பும் பூனையும் எளிதில் நெருங்க முடியாத முள்ளும், ஆண்டு முழுவதும் பூச்சியும் அந்த ஒரே வேலியில் இருக்கின்றன. பறவை காக்கும் எல்லையும் மனிதன் நட்ட எல்லையும் ஒன்றாகிப்போன அதிசயம் அது.

சென்ற ஆண்டு எங்கள் ஊரில் ஓர் இட்டேரியின் ஒரு பக்க வேலியைப் பொக்லைன் வைத்து ஒரே பகலில் வழித்தெடுத்துவிட்டு, கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் நான் அங்கே போனேன். அங்கேயே குடியிருந்த கருஞ்சிட்டு ஒரு கல்லுக்காலின் உச்சியில் உட்கார்ந்து, வாலை நிமிர்த்தி, பாடிக்கொண்டிருந்தது. அதன் காலுக்குக் கீழே பச்சை என்று ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்க வேலிக்குப் போன போதெல்லாம் அங்கிருந்த ஆண் அதை விரட்டியது. நான்காம் நாள் கல்லுக்கால் வெறுமையாக இருந்தது. அந்த ஆண்டு முழுவதும் அந்தப் பக்கம் பாட்டே கேட்கவில்லை.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பழுப்புக் கீச்சானைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம், அது எப்படியும் ஐப்பசிக்குத் திரும்பி வரும். கிடைத்திருக்கும் சில நிமிடங்களில் ஊராட்சித் தலைவர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இட்டேரிகளுக்குத் தார் போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாலைக்கு அகலம் வேண்டுமென்று இரண்டு பக்க வேலியையும் எடுத்துவிடாதீர்கள், ஒரு பக்கமாவது நிற்கட்டும். தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, பள்ளியின் தெற்கு எல்லைக்குச் சுற்றுச்சுவர் கேட்டு விண்ணப்பித்திருப்பதாக அறிகிறேன். மழை தொடங்கியதும் அந்த எல்லை நெடுகக் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட்டுத்தர நானும் என் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். சீமைக் கருவேலம் ஆக்கிரமித்த இடத்தை மட்டும் முதலில் சுத்தம் செய்துகொடுத்தால் போதும். எலி வளையானாலும் தனி வளை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த ஊர், அந்த வளையைக் குருவிக்கு இல்லையென்று சொல்லக் கூடாது.

தோட்டக்காரர்களுக்கு ஒன்று. வேலியைக் கழிப்பதாக இருந்தால் ஆடி வரை பொறுத்திருங்கள். குண்டுக்கரிச்சானும் கருஞ்சிட்டும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. நூலகர் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஆடி வரை அரிவாள் வைப்பதில்லை என்று சம்மதிப்பவர்கள், பெயரையும் எந்தப் பக்கத்து வேலி, எத்தனை அடி என்பதையும் அதில் எழுதிக் கொடுங்கள். முதல் வரியை நான் எழுதிவிட்டேன்: கிழக்கு வேலி, இருநூறு அடி, மூலையில் வெள்வேல மரம், மரத்தில் ஒரு கருஞ்சிட்டு.