வளர்க்கக் கொடுப்பது வேறு, தத்துக் கொடுப்பது வேறு

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி, அவள் கையைப் பிடித்தபடி ஒரு பெண்.]

"தங்கை பிள்ளைதான். என்னிடம் கொடுத்துவிட்டாள்."

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளையும் நம் பாட்டிமார் இப்படித்தான் வாங்கித் தமிழ்ப் பிள்ளைகளாக வளர்த்தார்கள். அந்த மனத்தை நான் வணங்குகிறேன். ஆனால் சட்டத்தின் கண்ணில், தாளில் இல்லாத தாய் தாய் அல்ல.

இந்தச் சிறுமியைச் சட்டப்படி தத்தெடுக்க, அவள் பெரியம்மா இன்று ஈப்போ நீதிமன்றத்துக்கு பஸ் ஏறுகிறார். இது நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட குடும்பம், சட்டம் உண்மையானது.

[காட்சி: நீதிமன்ற வராந்தா. பெஞ்சில் அக்காளும் தங்கையும்.]

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம், அதாவது சட்டம் 257. விண்ணப்பத்தை செஷன்ஸ் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ விசாரிக்கும். விண்ணப்பிப்பவருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உறவினருக்கு 21 வயது போதும். ஆணைக்கு முன் குறைந்தது மூன்று மாதம் பிள்ளை தொடர்ந்து அவர் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூகநல இலாகாவுக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் அமைந்தாலும், பொதுவாகப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் வழக்கு நகராது.

பெற்ற தங்கை படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். "அக்காவிடம்தானே, நினைத்தால் அழைத்துக்கொள்ளலாம்" என்று அவர் எண்ணினால், அது சம்மதமே அல்ல. பெற்றோர் உரிமை நிரந்தரமாகப் போய்விடும் என்பதை விளங்கிக்கொண்டுதான் கொடுத்தாரா என்று நீதிபதி உறுதிசெய்தாக வேண்டும். மலாய் சரளமாக வராதவர்களே, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தலையாட்டிவிட்டு வராதீர்கள், தயவுசெய்து. பிள்ளைக்காகப் பணம் கைமாறியதா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும்.

தகப்பன்? வேலைக்கென்று போனவர், வருடக்கணக்காகச் செய்தி இல்லை. பிள்ளையைக் கைவிட்டவர், கவனிக்காமல் விட்டவர், தொடர்ந்து கொடுமை செய்தவர், கண்டுபிடிக்க முடியாதவர், காரணமின்றிச் சம்மதம் மறுப்பவர்: இவர்களின் சம்மதம் இல்லாமலேயே ஆணையிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் "தேடினோம், கிடைக்கவில்லை" என்று வாயால் சொன்னால் நிற்காது. கடைசி முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால், அவர் உறவினரிடம் விசாரித்த விவரம் எல்லாம் நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் ஏற வேண்டும். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சம்பளம் போதாமல் பணம் அனுப்ப முடியாதவரைக் "கைவிட்டவர்" என்று எழுதிவிடாதீர்கள். அது அநியாயம்.

தேசியப் பதிவு இலாகாவில் பதியும் இன்னொரு வழியும் உண்டு; அது சட்டம் 253. இரண்டு ஆண்டு வளர்த்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதிவால் வாரிசுரிமை வராது.

[காட்சி: நீதிபதியின் அறைக் கதவு திறக்கிறது.]

தங்கை மொழிபெயர்ப்பாளர் வழியே எல்லாவற்றையும் தமிழில் கேட்டுக்கொண்டார், தமிழில் பதில் சொன்னார். ஆணை கிடைத்தது. இனிப் புதிய பிறப்புப் பத்திரம் வரும். "தத்து" என்ற சொல் அதில் இருக்காது. தாய் என்ற இடத்தில் அக்காள் பெயர். பெற்றவர் இன்று முதல் சித்தி.

[காட்சி: திரும்பும் பஸ். ஜன்னலோரம் சிறுமி. இருபுறமும் இரண்டு பெண்கள் இல்லை. சித்தி பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்.]