கொக்கோலாவின் தந்திக் குழு

நேயர்களுக்கு வணக்கம். பின்லாந்தின் மேற்குக் கடற்கரையில் கொக்கோலா என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடாது. ஒரு காலத்தில் தார் ஏற்றுமதியில் கொழித்த ஊர். இன்றைக்குத் துத்தநாக ஆலையும் ரசாயனத் தொழிற்சாலைகளும்தான் சோறு போடுகின்றன. இந்த ஊரின் ஆஸ்ட்ரோபாத்னியன் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா, வயலின் போன்ற தந்தி வாத்தியங்களை மட்டும் வாசிக்கும், சுமார் இருபது பேர் கொண்ட சிறு குழு. அதுவும் அதன் நடத்துநர் யூஹா கங்காஸும் 1993இல், வட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பான நார்டிக் கவுன்சிலின் இசைப் பரிசைப் பெற்றார்கள்.

கங்காஸ் பக்கத்துக் கௌஸ்டினென் கிராமத்துக்காரர். அங்கே வயலின் என்பது கச்சேரி மேடைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே கல்யாண வீட்டு வாத்தியம். நம் ஊரில் நாதஸ்வரம் இல்லாமல் தாலி ஏறாது அல்லவா, அந்த மாதிரி. விவசாயிகளும் கொல்லர்களும் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே வாசித்துவந்த அந்த மரபை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கங்காஸ் ஹெல்சிங்கியில் படித்தார், அங்கே பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வியோலா, அதாவது வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம், வாசித்தார். பிறகு கொக்கோலா இசைப் பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பி, 1972இல் தன்னிடம் படித்த பிள்ளைகளை வைத்தே குழுவைத் தொடங்கினார். சம்பளம் வாங்கும் முழுநேரக் குழுவாக அது மாறியது 1989இல். நடுவில் பதினேழு வருடம்! ஒரே ஆசிரியரிடம் வில் பிடிக்கக் கற்றவர்கள் அத்தனை காலம் சேர்ந்து வாசித்தால் என்ன ஆகும்? வில்லை எந்த இடத்தில் திருப்புவது, எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் பேசாமலே ஒத்துப்போகும். நூறு பேர் வாசிக்கும்போது ஒருவர் சற்றுப் பிசகினால் கூட்டத்தில் மறைந்துவிடும். இருபது பேருக்கு அந்தச் சலுகை கிடையாது.

அதைவிடப் பெரிய விஷயம், வாசிக்க என்ன எடுத்தார்கள் என்பது. தந்திகளுக்கு மட்டுமான பழைய உருப்படிகள் கொஞ்சம்தான். ஆகவே உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களிடம் கேட்டு வாங்கினார்கள். பெர் ஹென்ரிக் நோர்ட்கிரேன் ஜப்பானில் படித்துவிட்டு வந்து கௌஸ்டினெனிலேயே குடியேறியவர். 2008இல் இறக்கும்வரை இந்தக் குழுவுக்காக எழுதிக்கொண்டே இருந்தார். கிராமத்து வயலின்காரர்களின் மெட்டுகளைத் தந்திக் குழுவுக்கு எழுதும்போது அவற்றுக்குப் பவுடர் பூசவில்லை. கரகரப்பை அப்படியே விட்டார். அவர் எழுத்தில் இருபது பேருக்கும் தனித்தனி வரி வந்துவிடும் இடங்கள் உண்டு. ஒளிந்துகொள்ள வழியே இல்லை.

அடுத்து அவர்கள் கேட்டு வாங்கியது பால்டிக் நாடுகளின் இசையமைப்பாளர்களிடம். 1991 ஜனவரியில் லாட்வியத் தலைநகர் ரீகாவில் சோவியத் படையைத் தடுக்க மக்கள் தெருக்களை மறித்து நின்றார்கள். அந்த நாட்களில் லாட்விய இசையமைப்பாளர் பேதெரிஸ் வாஸ்க்ஸ் ‘குரல்கள்’ என்ற சிம்பொனியை, தந்திகளுக்கு மட்டும், எழுதிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் லாட்வியா விடுதலை பெற்றது. செப்டம்பரில் அந்தப் படைப்பு அரங்கேறிய இடம் கொக்கோலா! தலைநகரத்து ஆர்கெஸ்ட்ராக்கள் இதற்காகப் பொறாமைப்பட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

2013இல் கங்காஸ் பொறுப்பைச் சகாரி ஒராமோவிடம் கொடுத்தார். பெரிய சிம்பொனிக் குழுக்களை நடத்திப் பெயர் வாங்கியவர் அவர். அவருக்குப் பின் வந்த ஸ்வீடன் வயலின் கலைஞர் மாலின் புரூமன், கையில் வயலினோடு முதல் வரிசையிலிருந்தே குழுவை நடத்துபவர். இப்படி நடத்தும்போது தொடக்கத்துக்கான சைகை அவர் மூச்சிலும் வில்லின் அசைவிலும்தான் இருக்கும். பின்வரிசைக்காரர் இசைக்குறிப்புத் தாளையும் அவரையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

கேட்க விரும்புகிறவர்கள் வாஸ்க்ஸின் ‘குரல்கள்’ சிம்பொனியிலிருந்து தொடங்குங்கள். இந்தக் குழுவே வாசித்த பதிவு இருக்கிறது, அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் பகுதியில் ஒன்றும் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டி வைத்துவிடாதீர்கள். இரண்டாம் பகுதியில் வயலின்கள் பறவைகளாகிக் கூவத் தொடங்கி, போகப் போகப் பலமாக ஒலிக்கும்.