சோடா வேண்டாம், பெட்டியை எடுத்து வாங்க

(காவேரிப்பட்டணம் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றில், சீசன் தொடங்குவதற்கு முன் தொழிலாளர்களிடம் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். இது ஏ.இ.டி., திடீரென்று தாளம் கெட்டு நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் பெட்டி. இதைத் திறந்ததுமே பின்வரிசையில் ஓர் அக்கா இரண்டடி தள்ளிப் போனதைப் பார்த்தேன். ‘கரண்ட் வைக்கிற மிஷின்’ என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் தப்பில்லை அக்கா. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் கை வைத்து ஒருவரைப் பறிகொடுக்காத கிராமம் நம் பக்கம் எத்தனை இருக்கும்? அந்தப் பயம் எந்த நிமிஷத்தில் வேண்டும், எந்த நிமிஷத்தில் கூடாது என்று பிரித்துச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அவசரப் பிரிவில் நான் இருந்த காலத்தில் ஒருவரை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சட்டையெல்லாம் சோடா. கையில் சாவிக்கொத்து. கூட வந்தவர்கள் ஏழு பேர். நெஞ்சில் கை வைத்து அழுத்தியவர் ஒருவரும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதயம் திடீரென்று நின்றால் முதலில் உடம்பு கொஞ்சம் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று நினைத்து இரும்பைக் கையில் திணிப்பார்கள். பிறகு மீன் வாய் திறப்பதுபோல் எப்போதாவது ஒரு மூச்சு வரும். ‘மூச்சு இருக்குது’ என்று நிம்மதி அடைவார்கள். அது மூச்சே இல்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பார்க்க 10 நொடிக்கு மேல் ஆகக் கூடாது.

ஹார்ட் அட்டாக் வேறு, இது வேறு. அட்டாக் என்றால் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், ஆளும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேசுவார். அவருக்கு இந்தப் பெட்டியை மாட்டாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நான் சொல்வது மோட்டாரே நின்றுபோவதை. பல நேரம் அப்போதும் இதயம் முழுசாக ஓய்ந்திருக்காது. மாரியம்மன் பண்டிகையில் பத்துப் பம்பைக்காரர்கள் ஆளுக்கொரு அடி அடித்தால் எப்படி இருக்கும்? அப்படித் தாளம் கெட்டுத் துடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் ஒரு சொட்டும் நகராது. பெட்டி கொடுக்கும் ஷாக், ‘நிறுத்துங்கடா’ என்று ஒரே அதட்டல். எல்லாரும் ஒரு நொடி நிற்பார்கள், பிறகு மூப்பன் அடியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து அடிப்பார்கள். சினிமாவில் கோடு நேராகப் போன பிறகு ஷாக் வைத்து எழுப்புகிறார்களே, அது கதை. நேர்கோட்டுக்கு இந்தப் பெட்டி ஷாக் கொடுக்கவே கொடுக்காது. நன்றாகத் துடிக்கும் இதயத்துக்கும் கொடுக்காது. ஆகவே, ‘தப்பா வச்சு ஆளைக் கொன்னுடுவேனோ’ என்ற கவலையை விடுங்கள்.

1965-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பாண்ட்ரிட்ஜ் என்ற டாக்டர் இதை முதன்முதலாக ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடியது, எடை 70 கிலோ. இன்றைக்கு உங்கள் டிபன் கேரியர் கனம்தான்.

ஒன்றுமே செய்யாமல் ஒவ்வொரு நிமிஷம் போகப் போக, பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே வரும். 108 வண்டி 10 நிமிஷத்தில் வந்தால்கூட என்ன மிச்சம் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் போனை ஸ்பீக்கரில் போட்டு 108-இல் பேசட்டும், ஒருவர் பெட்டிக்கு ஓடட்டும், மூன்றாமவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அழுத்தட்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை. பெட்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இனி உங்கள் ஆலைக்கே வருகிறேன். ஜூன் மாதத்தில் இங்கே காய்ந்த தரை எங்கே இருக்கிறது? பெங்களூரா மாங்காய் கழுவும் தொட்டி, கூழ், நீராவி, வேர்வை. விழுந்தவர் தேங்கிய தண்ணீரில் கிடந்தால் வெளியே இழுத்துப் போடுங்கள். தரை வெறும் ஈரம் என்றால் பரவாயில்லை. நெஞ்சுதான் காய்ந்திருக்க வேண்டும். ஈர நெஞ்சில் பேட், அதாவது பெட்டியிலிருந்து வயரில் வரும் ஒட்டுப் பட்டை, ஒட்டாது. ஒட்டினாலும் கரண்ட் இதயத்துக்குள் போகாமல் தோல்மேலேயே ஓடிவிடும். முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், சோடா ஊற்றாதீர்கள் என்று நான் கத்துவது இதற்கும் சேர்த்துத்தான். ஸ்டீல் மேடையில் கிடந்தால்? பேட் ஸ்டீலில் படாமல் இருந்தால் போதும்.

ஒரு பேட் அவருடைய வலது காரை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். படம் பேட்மேலேயே இருக்கிறது. வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும். பெண் என்றால் கை தயங்கும், தெரியும். நாலு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டுங்கள், உள்ளாடையைக் கத்தரித்து ஒட்டுங்கள். தாலியைக் கழற்ற வேண்டாம், பேட் அதன்மேல் படாதபடி ஒதுக்கினால் போதும். பேஸ்மேக்கர், அதாவது இதயத் துடிப்பைச் சீராக்கும் சின்னக் கருவி, வைத்தவருக்குத் தோலுக்கடியில் மேடு தெரியும். பேடை அதைவிட்டுத் தள்ளி ஒட்டுங்கள்.

பெட்டி இங்கிலீஷில் பேசுகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இடத்தில் இப்படியொரு பெட்டியை வாங்கி வைத்திருக்கிறோம், என்ன செய்ய. மூன்று சத்தத்தைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். ‘அனலைசிங்’ என்றால் யாரும் தொடக்கூடாது, இதயத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. ‘ஷாக் அட்வைஸ்டு’ என்றால் சுற்றிலும் பார்த்து, ‘தள்ளுங்க!’ என்று கத்திவிட்டு மின்னும் பொத்தானை அழுத்துங்கள். சில பெட்டிகள் தானே அடித்துவிடும், அதனால் கத்துவதை மறக்காதீர்கள். ரப்பர் செருப்பும் மரப்பலகையும் தேவையில்லை. ஆளைத் தொடாமல் இருப்பதுதான் காப்பு. ஷாக் முடிந்ததும் அவர் உடம்பில் கரண்ட் மிச்சம் இருக்காது, உடனே அழுத்தத் தொடங்குங்கள். ‘நோ ஷாக்’ என்றால் பிழைத்துவிட்டார் என்றும் இல்லை, போய்விட்டார் என்றும் இல்லை. அழுத்துவதை விடாதீர்கள். 2 நிமிஷத்துக்கு ஒருமுறை பெட்டியே மறுபடி நிறுத்தச் சொல்லிப் பார்க்கும். மூச்சு திரும்பினாலும் பேடைப் பிய்க்காதீர்கள்.

மோட்டாரில் அடிபட்டு விழுந்தவர் என்றால் மெயினை அணைத்த பிறகுதான் கிட்டே போக வேண்டும். அந்த இடத்தில் பழைய பயம் அப்படியே இருக்கட்டும்.

முதலாளி ஐயாவுக்கு ஒரு வார்த்தை. காலையில் வந்ததும் இந்தப் பெட்டியைத் தேடினேன், மேனேஜர் ரூம் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். இரவு ஷிஃப்டில் சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் இல்லை. அதை நேரப்பதிவு மிஷின் பக்கத்துச் சுவரில், பூட்டில்லாமல் மாட்டுங்கள். பச்சை விளக்கு எரிகிறதா, பேடின் காலாவதித் தேதி தாண்டிவிட்டதா என்று மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளைப் போடுங்கள். கூடவே ஒரு காய்ந்த துண்டு, கத்தரிக்கோல், பேட் ஒட்டும் இடத்தில் முடி அடர்ந்திருந்தால் மழிக்க ஷேவிங் ரேசர்.

சரி, அந்தப் பொம்மையைத் தரையில் போடுங்கள். முதலில் இரவு ஷிஃப்ட்காரர்கள் வாங்க. அக்கா, பின்னாடி போனீங்களே, நீங்களும்தான்.