கடலடி வீடும் கயிறு பிடிப்பவரும்

அவையோருக்கு வணக்கம். நம் மொரீஷியஸ் தீவின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். நமக்கு உரிமையுள்ள கடலோ ஏறத்தாழ 23 லட்சம் சதுர கிலோமீட்டர். நிலம் விற்கும் விலையைப் பார்த்துவிட்டு, கடலுக்கடியில் குடியேறினால் என்ன என்று நம் பிள்ளைகள் கேட்பதில் வியப்பில்லை.

இந்த மேசையில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. டம்ளரின் அடியில் காகிதத்தைத் திணித்து, கவிழ்த்து, சாயாமல் நேராக நீரில் அமிழ்த்துகிறேன். வெளியே எடுத்தால், பாருங்கள், காகிதம் நனையவில்லை. கடலடி வீட்டின் சூட்சுமம் இவ்வளவுதான்: உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் வெளியே உள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடாக இருந்தால், தரையில் கதவே இல்லாத திறப்பை வைத்தாலும் கடல் உள்ளே ஏறாது. 1962இல் மார்செய் நகருக்கு அருகே, பத்து மீட்டர் ஆழத்தில், பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த இருவர் ஒரு வாரம் இப்படித்தான் வாழ்ந்தார்கள். கூஸ்தோவின் பேரர் ஃபாபியன், 2014இல், புளோரிடா கடலடியில் உள்ள அக்வாரியஸ் நிலையத்தில் 31 நாட்கள் தங்கினார்.

ஆக, இறங்குவது இயலும், ஏறுவதில்தான் சிக்கல். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் உடல் முழுவதும் நிறைந்துவிடுகிறது. அந்நிலையில் ஒருவர் சட்டென்று மேலே வந்தால், சோடா புட்டியைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோல உடலுக்குள் குமிழிகள் கிளம்பி, மூட்டைத் தாக்கும், முதுகுத்தண்டைத் தாக்கும், உயிரையும் பறிக்கும். அக்வாரியஸ் இருப்பது இருபது மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில். ஆனால் அங்கிருந்து வெளியேறுமுன் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்க ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகிறது.

இதைத் தவிர்க்க வேறு வழியும் உண்டு. பனாமா அருகே ரூடிகர் கோக் என்ற ஜெர்மானியர், கரையில் உள்ள அதே காற்றழுத்தத்தில் வைக்கப்பட்ட கூண்டில் 120 நாட்கள் வாழ்ந்து 2025 ஜனவரியில் வெளியே வந்தார். கூண்டு பதினொரு மீட்டர் ஆழத்தில் இருந்தது; படியேறினால் மேல்தளம்; சாப்பாடு படகில் வந்தது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆழம் கூடக்கூட அப்படிப்பட்ட கூண்டின் சுவர் தடித்துக்கொண்டே போகவேண்டும். அந்தச் செலவில் கரையில் ஒரு தெருவையே கட்டிவிடலாம்.

மலையேறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். பாறையில் தேனெடுக்க இறங்குபவனின் கயிறு மேலே நிற்கும் மச்சான் கையில். கடலடியில் வாழ்பவருக்கும் காற்றும் மின்சாரமும் உணவும் மேலிருந்தே வருகின்றன. சுவாசிக்கும் காற்றில் ஒன்று பிசகினாலும் உயிர் போகலாம். 1969இல், அமெரிக்கக் கடற்படையின் ஸீலேப்-3 என்ற கடலடி நிலையத்தில் கசிவை அடைக்க இறங்கிய பெரி கேனன் உயிரிழந்தார். கரியமில வாயு நச்சே காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது.

நம் கடலில் இன்னொன்றும் சேரும். புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு உயர்ந்தால், பலத்த காற்று வீசுமுன் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஆறு மணி நேரப் பகல் வெளிச்சம். கடையடைத்து, சன்னலைப் பூட்டி, வீடு சேர அது போதும். பவளத்திட்டுக்கு வெளியே இருபது மீட்டர் ஆழத்தில் குடியிருப்பவர், முதல் எச்சரிக்கை வந்தபோதே புறப்படத் தொடங்கியிருக்க வேண்டும்.