பாட்டு வருது, பேர் வரலை! திக்குவாய்க்குள் ஒளிந்திருக்கும் விசித்திரம்

(திரை இருட்டு. குரல் மட்டும்.)

"உங்க பேர் என்ன?"

அமைதி. இன்னும் அமைதி.

"என்னங்க, சொந்தப் பேரே மறந்துபோச்சா?"

திக்குவாய் உள்ளவர்களுக்கு இந்த ஜோக் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போனது. வேறு வார்த்தை என்றால் சமாளித்துவிடலாம். 'பணம்' வாயில் சிக்கினால் 'காசு' என்று நழுவலாம். இப்படியே பலர் நடமாடும் அகராதி ஆகிவிடுகிறார்கள். பெயருக்கு எங்கே போய் மாற்றுச்சொல் தேடுவது?

(தலைப்பு. இசை.)

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். அந்தக் குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பேருக்குப் போகப்போகச் சரியாகிவிடும். பெரியவர்களில் நூற்றில் ஒருவருக்கு இருக்கும், ஆண்களுக்கு அதிகம். பரம்பரைக்கும் பங்குண்டு. புத்திக்குறைவோ வளர்ப்புக் கோளாறோ காரணமல்ல. பேச்சை ஓட்டும் தசைகளுக்கு மூளை தரும் தாளம் இடறுகிறது.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடம்.

ஒரு பக்கத்தை வாசிக்கவே திணறுகிறவர் பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைத்து, இருவரையும் ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். திக்கல் அநேகமாகக் காணாமல் போகும்! பயிற்சி இல்லை, மருந்து இல்லை. கூட வாசித்தவர் நிறுத்தினால் மறுபடி வந்துவிடும். முன்னால் போகிறவரின் டார்ச் வெளிச்சத்தில் நடப்பது மாதிரி, தாளம் வெளியிலிருந்து கிடைத்தால் போதும் என்பது ஒரு விளக்கம். பாடும்போதும் இதே கதை. நாய்க்குட்டியிடம் பேசும்போதும் பலருக்குத் திக்காது.

இதைவிட வேடிக்கை ஒன்று. உங்கள் குரலையே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பேசுங்கள். நான் செய்து பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டது. திக்குவாய் உள்ள பலருக்கோ அதே தாமதத்தில் பேச்சு சரளமாகிறது!

"அப்போ பாடியே பேசலாமே?" என்று கமெண்ட் போடப் போகிறவரே, நில்லுங்கள். வங்கியில் போய்க் கடன் கேட்டுப் பாடிப் பாருங்கள், பிறகு பேசலாம். தாமதக் கருவிகளும் உண்டு. பலருக்கு நாளடைவில் பலன் குறைந்துவிடுகிறது.

சிகிச்சை? சின்னக் குழந்தைகளுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம்ப் முறையில் பெற்றோர்தான் பயிற்சியாளர். ஸ்பீச் தெரபிஸ்ட் வழிகாட்ட, தினமும் கொஞ்ச நேர விளையாட்டில், "இப்ப வழுக்கிட்டு வந்துச்சே!" என்று சரளமான பேச்சைப் பாராட்டுவார்கள். குழந்தை கண்ணை இறுக்கி முகம் சுளித்துப் பேசினால் 'வளர்ந்தால் சரியாகும்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்களுக்கு எனக்குப் பிடித்தது அமெரிக்கப் பேச்சு சிகிச்சை நிபுணர் சார்லஸ் வான் ரைப்பரின் வழி. அவருக்கே திக்குவாய் இருந்தது. திக்காமல் பேசப் போராடாதே, லேசாகத் திக்கப் பழகு என்றார். 'ப'வில் உதடு பூட்டிக்கொண்டதா? முட்டித் திறக்காமல், இறுக்கத்தைத் தளர்த்தி மெல்ல வெளியே வருவது. கேட்க எளிது, மாதக்கணக்கில் உழைப்பு.

கேட்பவருக்கு ஒரு வேலைதான். "மெதுவா பேசு" என்னாதீர்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், காத்திருங்கள். கஷ்டமா? இப்போது மூன்று நொடி நான் பேசப்போவதில்லை.

(மூன்று நொடி அமைதி. முகம் மட்டும்.)

எத்தனை பேர் வீடியோவைத் தள்ளிவிட்டீர்கள்? கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள்.